ஐந்தில் நால்வர் தோற்கும் பரீட்சை

கொஞ்ச காலமாக வேலூரிலும் ஆம்பூரிலும் ஒரு புது வியாதியின் பெயர் அடிபடுகிறது. கல்யாண வீட்டில் பாயசக் கிண்ணத்தை நீட்டினால், "வேண்டாம் சார், எனக்கு லாக்டோஸ் இருக்கு" என்கிறார்கள். சுகர், பிரஷர், தைராய்டு வரிசையில் லாக்டோஸும் வந்து உட்கார்ந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால், "மெஷின்ல ஊதிப் பார்த்தாச்சு, பாசிட்டிவ்" என்று பதில் வருகிறது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மெஷின் பொய் சொல்வதில்லை. ஆனால் அது சொல்வதை வைத்துக்கொண்டு ஒருவரை நோயாளி என்று முத்திரை குத்தி, தயிரும் மோரும் தொடாதே என்று அனுப்புவது அநியாயம். அதிலும் வயிற்றில் ஒரு தொந்தரவும் இல்லாதவர்களுக்கு "பேக்கேஜ்" என்ற பெயரில் இந்தச் சோதனையைத் தலையில் கட்டுவது பெரிய அநியாயம். நான் டாக்டர் அல்ல. டேனரி ஆய்வுக்கூடத்தில் 31 வருடம் சோதனைக் குழாயோடு காலம் தள்ளியவன். ஒரு சோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் விஷயம் என்ன என்று பார்ப்போம். பாலில் இருக்கும் சர்க்கரைக்கு லாக்டோஸ் என்று பெயர். பசும்பால் 100 மில்லியில் சுமார் 5 கிராம் இருக்கும். இதை உடம்பு அப்படியே ஏற்றுக்கொள்ளாது. சிறுகுடலின் உட்சுவரில் லாக்டேஸ் என்ற நொதி இருக்கிறது. அது லாக்டோஸை குளுக்கோஸ், காலக்டோஸ் என்று இரண்டாக வெட்டிக் கொடுத்தால்தான் ரத்தத்தில் சேரும். நொதி என்பது நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. சுண்ணாம்பு எடுத்த தோலுக்கு பேட்டிங் போடுகிறோமே, அதுவும் நொதி வேலைதான்.

லாக்டேஸ் குறைவாக இருந்தால் லாக்டோஸ் வெட்டுப்படாமல் பெருங்குடலுக்குப் போய்விடும். அங்கே குடியிருக்கும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைக்கும். அப்போது ஹைட்ரஜன் வாயு உண்டாகும். அதில் ஒரு பங்கு ரத்தத்தில் கலந்து, நுரையீரலுக்கு வந்து, மூச்சோடு வெளியே போகும். மனித உடம்பின் செல்கள் சொந்தமாக ஹைட்ரஜன் தயாரிப்பதில்லை. ஆகவே மூச்சில் ஹைட்ரஜன் கூடினால், குடலில் ஏதோ புளிக்கிறது என்று அர்த்தம். அமெரிக்காவில் மைக்கேல் லெவிட் என்ற மருத்துவர் 1969இல் இந்த வாயு கணக்கைப் போட்டு வெளியிட்டார். அழகான கண்டுபிடிப்பு, அதில் எனக்குச் சண்டை இல்லை.

சோதனை இப்படி நடக்கும். முதல் நாள் பருப்பு, கீரை, பழம் இல்லாமல் வெறும் சாதம் மாதிரி லேசாகச் சாப்பிட்டு, ராத்திரி முழுக்கப் பட்டினி. காலையில் ஒரு முறை ஊத வேண்டும். பிறகு 25 கிராம் லாக்டோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொல்வார்கள். சில இடங்களில் 50 கிராம். அதன்பின் கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒரு தடவை, மூன்று மணி நேரம் வரை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். ஆரம்ப அளவைவிட 20 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 20 பங்கு, கூடிவிட்டால் பாசிட்டிவ். (அல்சர் கிருமிக்கு ஊதிப் பார்க்கிற சோதனை வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

இப்போது என் வழக்குக்கு வருகிறேன். லக்னோ சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவ நிறுவனத்தின் உதய் சந்த் கோஷல் குழுவினர் 2010இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வயிற்றுக்கோளாறு எதுவும் இல்லாத, ஆரோக்கியமான வட இந்தியர், தென்னிந்தியர் 153 பேருக்கு இதே ஊதும் சோதனையைச் செய்தார்கள். தென்னிந்தியரில் 78.9 சதவீதம் பேர் பாசிட்டிவ். வட இந்தியரில் 57.1 சதவீதம். ரத்தச் சோதனையிலும் மரபணுச் சோதனையிலும் தென்னிந்தியர் கணக்கு இன்னும் மேலே போயிற்று.

நன்றாக யோசியுங்கள். நல்ல ஆரோக்கியமாக நடமாடிக்கொண்டிருக்கிற தெற்கத்திக்காரர் ஐந்து பேரைப் பிடித்து ஊதச் சொன்னால் நாலு பேர் ஃபெயில். ஐந்தில் நால்வர் தோற்கும் பரீட்சையில் தவறு பிள்ளைகளிடமா, அல்லது மார்க் ஷீட்டைப் படித்துச் சொல்பவரிடமா?

இதற்குக் காரணமும் தெரிந்ததுதான். பாலூட்டும் பிராணிகள் எல்லாவற்றுக்கும் தாய்ப்பால் மறந்த பிறகு லாக்டேஸ் குறைந்துவிடும். அதுதான் இயற்கை. வளர்ந்த பிறகும் அந்த நொதி குறையாமல் இருப்பதுதான் விதிவிலக்கு. வட ஐரோப்பியர்களிடமும், மாடு மேய்த்துப் பால் குடித்தே வாழ்ந்த சில கூட்டங்களிடமும் ஒரு மரபணு மாற்றத்தால் அது நிலைத்தது. அந்த மாற்றம் எது என்று 2002இல் பின்லாந்துக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். இந்தியாவில் அது வடமேற்கில் அதிகம், தென்கிழக்கு நோக்கி வரவரக் குறைவு. நாம் இருப்பது தென்கிழக்கு. ஆக, வெள்ளைக்காரனுக்கு விதிவிலக்காக அமைந்ததை அளவுகோலாக வைத்துக்கொண்டு, நமக்கு இயல்பாக இருப்பதைக் குறை என்கிறோம்.

டேனரி உதாரணம் ஒன்று சொல்கிறேன், உங்களில் பாதிப் பேருக்கு உடனே விளங்கும். குரோம் போட்டுப் பதனிட்ட தோலுக்கு பாயில் டெஸ்ட் உண்டு. ஒரு துண்டு வெட்டி, கொதிக்கிற தண்ணீரில் சில நிமிடம் போட்டு எடுப்போம். சுருங்கவில்லை என்றால் குரோம் சரியாக ஏறியிருக்கிறது. சுருங்கினால் ஏறவில்லை. அதே தண்ணீரில் நம் ஊர் ஈ.ஐ. தோலைப் போடுங்கள். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டு, நம் ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த தோல். சுருண்டு மடங்கிவிடும். பட்டைத் தோல் கொதிநிலைக்கு முன்பே சுருங்குகிற ஜாதி. அதற்காக "இது மட்டமான தோல்" என்று எந்த மேஸ்திரியாவது சொல்வாரா? சொன்னால் அன்றைக்கே கணக்கு தீர்த்து அனுப்பிவிடுவார்கள். அது வேறு வகைத் தோல், அந்தச் சோதனை அதற்கானது அல்ல, அவ்வளவுதான். தோலுக்குத் தெரிந்த நியாயம் மனிதனுக்குத் தெரியவில்லை.

அடுத்து, கொடுக்கிற அளவு. 25 கிராம் லாக்டோஸ் என்றால் அரை லிட்டர் பால். 50 கிராம் என்றால் ஒரு லிட்டர். வெறும் வயிற்றில், ஒரே மூச்சில், அரை லிட்டர் பால் குடிக்கிறவர் நம் தெருவில் யாராவது உண்டா? ஒரு டம்ளர் காபியில் போகிற பால் அதிகம் போனால் 100 மில்லி. அதில் 5 கிராம். 2010இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, லாக்டோஸ் செரிக்காதவர்களில் பெரும்பாலோர் ஒரு வேளைக்கு 12 கிராம் வரை பெரிய தொந்தரவின்றி எடுத்துக்கொள்ளலாம் என்றது. அது முழுசாக ஒரு பெரிய டம்ளர் பால். தயிரில் இன்னும் சௌகரியம். அதில் இருக்கும் பாக்டீரியாவே லாக்டோஸில் ஒரு பகுதியைத் தின்றுவிடும், மிச்சத்தை வெட்டவும் குடலுக்குள் வந்து உதவும். தண்ணீர் விட்டுக் கடைந்த மோரில் இருப்பது இன்னும் சொற்பம். நம் பாட்டிகள் மெஷின் இல்லாமலே பாலை உறை ஊற்றி மோராக்கிக் கூழில் கலந்தார்கள்.

செரிக்காமல் போவது வேறு, ஒத்துக்கொள்ளாமல் போவது வேறு. மெஷின் காட்டுவது முதலாவதை. மனிதன் படும் பாடு இரண்டாவது. இந்த வித்தியாசத்தை 1995இல் மினியாபோலிஸ் நகரில் அதே லெவிட்டின் குழு பளிச்சென்று காட்டியது. கொஞ்சம் பால் பட்டாலும் வயிறு கெட்டுவிடும் என்று உறுதியாகச் சொன்ன 30 பேரை எடுத்தார்கள். சோதித்தால் அதில் 9 பேருக்கு லாக்டோஸ் சுத்தமாகச் செரிக்கிறது! பிறகு எல்லோருக்கும் ஒரு வாரம் சாதாரணப் பால், ஒரு வாரம் லாக்டோஸ் நீக்கிய பால், தினம் 240 மில்லி. எது எந்த வாரம் என்று குடித்தவருக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. முடிவில் இரண்டு வாரத்துத் தொந்தரவுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை. பழி பாலின் மேல், காரணம் வேறெங்கோ.

நம் ஊரில் அந்த "வேறெங்கோ" எது என்று நான் சொல்லவும் வேண்டுமா? ராத்திரி பத்து மணிக்கு சீரகச் சம்பா பிரியாணி இரண்டு தட்டு, எண்ணெய் மிதக்கும் கத்திரிக்காய், மேலே பிரெட் அல்வா. காலையில் வயிறு கடமுட என்றால், "நேத்து படுக்கறப்ப பால் குடிச்சேன், அதுதான்" என்பார்கள். பிரியாணியைக் குற்றம் சொல்ல ஆம்பூர்க்காரனுக்கு மனசு வராது. வாய் இல்லாத பால்தான் அகப்பட்டது.

சிரிப்பை ஓரம் வைப்போம். விஷயம் சீரியஸாவது இங்கேதான். லாக்டேஸ் குறைவு சில சமயம் குடல் நோயின் விளைவாகவும் வரும். அதை நம் மாவட்டத்தைவிட நன்றாக அறிந்த இடம் குறைவு. 1960களின் தொடக்கத்தில் அன்றைய வட ஆற்காடு மாவட்டக் கிராமங்களில் ஸ்ப்ரூ என்ற நோய் கொள்ளைநோய் மாதிரி பரவியது. ஓயாத வயிற்றுப்போக்கு, தின்றது உடம்பில் ஒட்டாது, ரத்தசோகை, ஆள் எலும்பும் தோலுமாவான். வேலூர் சி.எம்.சி.யில் செல்வின் பேக்கர், வி. ஐ. மாத்தன் ஆகியோர் வெல்கம் ஆராய்ச்சிப் பிரிவில் இருந்துகொண்டு அதை ஆராய்ந்தார்கள். குடலின் உட்சுவர் தேய்ந்து போகும்போது அதன் மேல் இருக்கும் நொதிகளும் போய்விடும். 1970இல் சி.எம்.சி. ஆய்வாளர்கள் அமெரிக்கர்கள், ஆரோக்கியமான தென்னிந்தியர்கள், ஸ்ப்ரூ நோயாளிகள் ஆகிய மூன்று தரப்பாரின் குடல் திசுவிலும் இந்த நொதிகளை அளந்து ஒப்பிட்டு வெளியிட்டார்கள். அரை நூற்றாண்டுக்கு முன்பே, ஊதும் மெஷின் தெருவுக்கு வருவதற்கு முன்பே, "யாருக்கு இயல்பு, யாருக்கு நோய்" என்ற கேள்வியை நம் ஊரில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். இன்றைக்குக் காசு வாங்கிக்கொண்டு ஊதச் சொல்கிறவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

கேட்காததன் ஆபத்து இது. குடல் காசநோயோ, புற்றுநோயோ, வேறு குடல் அழற்சியோ உள்ளவர் ஊதினாலும் பாசிட்டிவ்தான் வரும். ஏனென்றால் ஐந்தில் நால்வருக்கு எப்படியும் வரும். "லாக்டோஸ்தான், பாலை நிறுத்துங்கள்" என்று சீட்டுக் கொடுத்து அனுப்பினால், நிஜ நோய் ஆறு மாதம், ஒரு வருடம் என்று மறைந்து வளரும். இன்னொன்று. சிறுகுடலிலேயே பாக்டீரியா அளவுக்கு மீறிப் பெருகியிருந்தாலும் மூச்சில் ஹைட்ரஜன் ஏறும். மறுபக்கம், சிலர் குடலில் ஹைட்ரஜனுக்குப் பதில் மீத்தேன் உண்டாகும். அவர்களுக்கு ஹைட்ரஜனை மட்டும் அளக்கும் மெஷின் நெகட்டிவ் காட்டும். நாலு வாரத்துக்குள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் கணக்குத் தப்பும். காலையில் ஒரு பீடி பிடித்துவிட்டுப் போய் ஊதினாலும் தப்பும். இவ்வளவு கேள்வியும் கேட்டுவிட்டு ஊதச் சொல்கிறார்களா என்பதைப் போய்வந்தவர்களே சொல்லட்டும்.

என் அண்ணிக்கு நடந்ததைச் சொல்கிறேன். வயது 72. வயிறு உப்புசம், பொருமல். ஒரு ஆய்வுக்கூடத்தில், பெயர் வேண்டாம், பேக்கேஜோடு ஊதச் சொல்லி, பாசிட்டிவ் என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். கூடவே தவிர்க்க வேண்டியவை என்று ஒரு பக்கம். பால், தயிர், மோர், நெய் வரை. எட்டு மாதம் அண்ணி மோர் சாதம் தொடவில்லை. வறட்டீயும் பிஸ்கட்டும்தான். உப்புசமும் போகவில்லை. கடைசியில் வேறொரு சின்ன வயது டாக்டர், மாத்திரைப் பையைக் கொட்டச் சொல்லிப் பார்த்தார். சுகருக்கு மெட்ஃபார்மின். பலருக்கு வயிற்றுப் பொருமலும் பேதியும் தருகிற மாத்திரை. மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றி, சாப்பாட்டோடு போடச் சொன்னார். மூன்று வாரத்தில் உப்புசம் அடங்கியது. இப்போது இரண்டு வேளை மோர் குடிக்கிறார். "எட்டு மாசம் என் நாக்கைக் கட்டிப் போட்டாங்களே தம்பி" என்று இன்னும் புலம்புகிறார்.

நாக்கு மட்டுமா? வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது ஐ.சி.எம்.ஆர். 100 மில்லி பாலில் சுமார் 120 மில்லிகிராம். இரண்டு காபியும் ஒரு கிண்ணம் தயிரும் எடுக்கும் பாட்டிக்கு அதிலேயே 400க்கு மேல் வந்துவிடும். அதை ஒரே சீட்டில் வெட்டிவிட்டு, பதிலுக்கு என்ன சாப்பிடுவது என்று சொல்லாமல் அனுப்புகிறார்கள். பாத்ரூமில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிகிற வயதில் இந்த விளையாட்டு வேண்டாம். உண்மையிலேயே பால் ஆகாதவர்களுக்கு கேழ்வரகு இருக்கிறது. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். களியும் கூழும் நம் மண்ணின் சாப்பாடு. அதையாவது அச்சடித்துக் கொடுத்திருக்கலாம்.

இதைவிட மோசம், கைக்குழந்தை விஷயம். பேதி ஆகிற குழந்தைக்கு "லாக்டோஸ் ஒத்துக்கலை, தாய்ப்பாலை நிறுத்து" என்று யாராவது சொன்னால், தயவுசெய்து கேட்காதீர்கள். தாய்ப்பாலில் பசும்பாலைவிட அதிகமாக, 100 மில்லிக்கு 7 கிராம் போல லாக்டோஸ் இருக்கிறது. குழந்தையின் குடல் அதற்கென்றே அமைந்தது. பிறவியிலேயே லாக்டேஸ் இல்லாத குழந்தை மிக மிக அபூர்வம். ரோட்டா வைரஸ் மாதிரி பேதி வந்தால் நொதி கொஞ்ச நாள் குறையும், குடல் ஆறியதும் திரும்பும். பேதியின்போதும் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் வார்த்தை.

எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்ல வேண்டும். "அப்படியானால் இந்தச் சோதனையே வேண்டாமா?" வேண்டும். பால் குடித்தால் தொந்தரவு என்கிற ஒருவர், டாக்டர் சொல்லி, ஊதும்போதே வயிறு வலிக்கிறதா, பொருமுகிறதா என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொண்டு செய்தால் பயன் உண்டு. அதிலும் நெகட்டிவ் வந்தால் பெரிய லாபம், வீணாகப் பாலை விட வேண்டாம், வேறு காரணம் தேடலாம். இன்னொரு பக்கம், "பால் குடிக்காவிட்டால் என்ன உடம்பு" என்று பேரன் வாயில் டம்ளரைத் திணிக்கிற தாத்தாக்களுக்கும் சொல்கிறேன். வயிறு வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் அது சாக்குப்போக்காக இருக்க வேண்டியதில்லை. கட்டாயப்படுத்தாமல் தயிராகக் கொடுங்கள்.

ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்களை நினைத்துப் பாருங்கள். விடிகாலையில் ஒரு டீயைக் குடித்துவிட்டு கம்பெனி பஸ் பிடிக்கிறார்கள். மூன்று மணி நேரம் ஊதுவது என்றால் அவர்களுக்கு ஒரு நாள் கூலி போச்சு, சோதனைக் காசு தனி. அவர்களுக்குக் காசில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. இரண்டு வாரம் பாலும் பால் பொருளும் நிறுத்திப் பாருங்கள். மற்றதெல்லாம் வழக்கம்போல. தொந்தரவு போகவில்லையா, பால் காரணமில்லை. போய்விட்டதா, திரும்ப மோரில் ஆரம்பித்து, தயிர், அரை டம்ளர் பால் என்று, சாப்பாட்டோடு சேர்த்து ஏற்றிப் பாருங்கள். எந்த அளவில் வயிறு முரண்டு பிடிக்கிறதோ அதுதான் உங்கள் அளவு. சுகர்ஃப்ரீ மிட்டாயும் புது மாத்திரையும் இடையில் நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ, ரத்தசோகை, காய்ச்சல் இருந்தாலோ, ராத்திரித் தூக்கத்தை எழுப்பும் பேதி வந்தாலோ, 50 வயதுக்கு மேல் மலம் போகும் வழக்கம் திடீரென்று மாறினாலோ, இந்த இரண்டு வாரக் கணக்கும் வேண்டாம், ஊதவும் வேண்டாம். நேரே குடல் டாக்டரிடம் போய், மாத்திரைச் சீட்டை எல்லாம் மேசையில் வைத்து, முழுக் கதையையும் சொல்லுங்கள்.

அடுத்த முறை யாராவது பேக்கேஜ் நோட்டீஸை நீட்டினால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஐயா, எனக்கு வயிற்றில் ஒன்றும் இல்லை. பாசிட்டிவ் வந்தால் என்ன செய்வீர்கள், நெகட்டிவ் வந்தால் என்ன செய்வீர்கள்?" இரண்டுக்கும் உருப்படியான பதில் இல்லை என்றால், நோட்டீஸை மடித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து ஒரு சொம்பு மோர் குடியுங்கள்.